அப்பாவுக்குப் பார்வை 6/6. ஆனால் இடப்பக்க இட்லி மட்டும் தெரியவில்லை. ஏன்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அப்பாவுக்கு 64 வயது. ஆறு வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து, கை கால் ஓரளவு தேறிவிட்டது. ஆனால் நடக்கும்போது இடது தோள் கதவு நிலையில் இடிக்கிறது. தட்டில் இடது பக்கம் இருக்கும் இட்லியை விட்டுவிட்டு “இன்னும் ரெண்டு வை” என்கிறார். கண் டாக்டரிடம் காட்டினால் இரண்டு கண்ணிலும் 6/6, தூரத்துக்குக் கண்ணாடியே வேண்டாம் என்கிறார்கள். “எல்லாம் சீராட்டுக்காகத்தான்” என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?

அப்பா நடிக்கவில்லை. அதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். கண் டாக்டர் சொன்னதிலும் தப்பில்லை. இருபது வருடத்துக்கு மேலாக நான் கண் பரிசோதனை அறையில்தான் வேலை பார்க்கிறேன். எழுத்துப் பலகைக்கு எதிரே ஆட்களை உட்கார வைத்து “கடைசி வரி படிங்க” என்று சொல்வதே என் பிழைப்பு. கடைசி வரியைக் கடகடவென்று படித்துவிட்டு எழுந்து, கதவைத் தேடி சுவரில் முட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பலகை எதை அளக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற கண் மருத்துவர் 1862-ல் போட்டுக் கொடுத்த கணக்கு அது. ஆறு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தை அடையாளம் கண்டால் 6/6. (அறை சின்னதாக இருந்தால் மூன்று மீட்டரில் கண்ணாடி மாட்டி, பிம்பத்தைப் படிக்க வைப்போம்.) வெள்ளையில் கறுப்பு எழுத்து. அசையாது. ஒரு கண்ணை மூடியிருப்பீர்கள், அவசரமில்லை, பின்னாலிருந்து ஆட்டோ ஹாரன் அடிக்காது. இப்படி ஓர் இடத்தில் நீங்கள் வேறெங்கே எதைப் பார்க்கிறீர்கள்?

கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். உலகத்தில் அந்த நகம் மறைக்கும் அளவுக்குத்தான் நமக்குக் கூர்மையான பார்வை உண்டு. பலகை சோதிப்பதும் அந்த நகத்தளவைத்தான். சுற்றியிருக்கும் மீதி முழுவதும் மங்கல். அது மங்கலாகத் தெரியாமல் போவதற்கு மூளைதான் காரணம். ஒரு நொடிக்கு மூன்று முறை போலக் கண் தாவித் தாவி மேய்கிறது. துண்டு துண்டாக வந்ததை மூளை ஒட்டி ஒரே காட்சியாக்கித் தருகிறது. சந்தேகமிருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடிமுன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை, மறுபடி இடது. கண் நகர்வதை ஒருநாளும் பிடிக்க முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். தாவும் அந்தக் கணத்தில் வருவதை மூளை அமுக்கிவிடுகிறது.

கண்ணுக்குள்ளேயே கழித்தல் தொடங்கிவிடுகிறது. ஒரு விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் 12 கோடிக்கு மேல். அங்கிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இழைகள் ஏறத்தாழ 10 முதல் 12 லட்சம். அத்தனையும் அப்படியே போக வழியே இல்லை. எங்கே விளிம்பு, எங்கே மாற்றம், எங்கே அசைவு என்று வடிகட்டித்தான் அனுப்பப்படுகிறது. கண்ணை கேமரா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த உவமை இங்கேயே நின்றுவிடுகிறது.

இப்போது உங்கள் அப்பா கதைக்கு வருவோம். வலது மூளை இடது கையை ஆள்கிறது அல்லவா, அதேபோல வலது மூளை இடது கண்ணைக் கவனிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் வரும் நரம்பு மூளையின் அடியில் ஓரிடத்தில் பாதி பாதியாகப் பிரிகிறது. மூக்குப் பக்கத்து இழைகள் எதிர்ப்புறம் தாண்டுகின்றன, காதுப் பக்கத்து இழைகள் அதே பக்கம் நேரே போகின்றன. முடிவில், இரண்டு கண்ணும் பார்க்கும் உலகத்தின் இடது பாதி மொத்தமும் வலது மூளைக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே வலது மூளையின் பின்பக்கம் ரத்தம் நின்றால் இடது கண் போவதில்லை. இரண்டு கண்ணிலும் இடது பாதி போகிறது. “இடது கண் தெரியல சார்” என்று வருபவரிடம் நான் இடது கண்ணை மூடச் சொல்வேன். மூடிய பிறகும் வலது கண்ணில் இடப்பக்கம் இருக்காது. அப்போதுதான் அவருக்கே திக்கென்று இருக்கும்.

பார்வைப் பரப்பின் எந்தத் துண்டு மூளையில் எங்கே பதிகிறது என்று கண்டறிந்த கதைக்கும் உங்கள் வீட்டுச் சண்டைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. 1904-05-ல் ரஷ்யாவும் ஜப்பானும் போரிட்டன. ரஷ்யத் துப்பாக்கியின் புதுக் குண்டு சிறியது, வேகமானது. மண்டையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சுத்தமாக வெளியேறிவிடும், ஆள் பிழைத்துக்கொள்வார். பிழைத்த ஜப்பானியச் சிப்பாய்களுக்கு எவ்வளவு பார்வை போயிற்று என்று பார்த்து ஓய்வூதியம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலை தத்சுஜி இனோயே என்ற இளம் கண் மருத்துவரிடம் வந்தது. கண்ணில் ஒரு கீறல்கூட இல்லாதவர்கள் “அந்தப் பக்கம் தெரியவில்லை” என்றார்கள். இனோயே அவர்களைப் பொய்யர்கள் என்று தள்ளிவிடவில்லை. குண்டு நுழைந்த இடம், வெளியேறிய இடம் இரண்டையும் அளக்க ஒரு கருவி செய்து, மூளைக்குள் அது போன பாதையைக் கோடு போட்டுப் பார்த்தார். எந்தப் பகுதி கிழிந்திருந்தால் பார்வைப் பரப்பில் எந்தத் துண்டு காணாமல் போகிறது என்று பொருத்தினார். 1909-ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். பின்மண்டைக்குள் உலகத்தின் வரைபடம் ஒன்று இருப்பதும், நான் மேலே சொன்ன அந்த நகத்தளவு நடுப்பகுதிக்கு அந்த வரைபடத்தில் அளவுக்கு மீறிய இடம் ஒதுக்கப்பட்டிருப்பதும் அப்படித்தான் தெரிய வந்தது. அந்த நடுப்பகுதி பக்கவாதத்தில் தப்பிவிடுவது அடிக்கடி நடக்கும். அது தப்பினால் கடைசி வரியைப் படிக்கலாம். பாதி உலகம் போன பிறகும் 6/6 வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

“பாதி தெரியாவிட்டால் அங்கே கறுப்பாகத் தெரியாதா, அவருக்கே புரியாதா?” என்று அடுத்த கேள்வி வரும். இதற்கு நீங்களே ஒன்று செய்து பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, கட்டைவிரல்களை அருகருகே நிமிர்த்துங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடது கட்டைவிரலை மட்டும் பாருங்கள். பார்வையை நகர்த்தாமல் வலது கட்டைவிரலை மெல்ல வலப்பக்கம் கொண்டுபோங்கள். அரைச் சாணுக்கும் முக்கால் சாணுக்கும் நடுவே எங்கோ விரல்நுனி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வாசல் அது, அங்கே ஒளி வாங்கும் செல் எதுவும் கிடையாது. ஆனால் அந்த இடத்தில் கறுப்பு ஓட்டை தெரிந்ததா? பின்னாலிருக்கும் சுவர் அப்படியே தொடர்ந்திருக்கும். பிறந்தது முதல் இரண்டு கண்ணிலும் இந்த ஓட்டையோடுதான் இருக்கிறோம்.

ஓட்டையை மூளை இப்படி நிரப்பும் வேலையை நெருங்கி ஆராய்ந்தவர்களில் ஒருவர் நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ்.ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நிழலிலிருந்து மேடு பள்ளத்தை மூளை எப்படி ஊகிக்கிறது என்பதையும் 1988-ல் காட்டினார். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. கல்வெட்டுப் புகைப்படம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தெரியும்: படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் வெட்டிய எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கும். கல் மாறவில்லை, கண்ணும் மாறவில்லை.

ஆனால் உங்கள் அப்பாவுக்குப் போனது பார்வைப் பரப்பின் பாதி மட்டும்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சந்தேகத்துக்குக் காரணம் அந்த இட்லிதான். பார்வைப் பரப்பில் பாதி போனவர்கள் கொஞ்ச நாளில் “அந்தப் பக்கம் எனக்குக் குறை” என்று உணர்ந்து தலையைத் திருப்பிப் பார்க்கத் தொடங்குவார்கள். அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை, இன்னும் இட்லி கேட்கிறார். இடது என்று ஒரு பக்கம் இருப்பதே அவர் கணக்கில் இல்லாமல் போயிருக்கலாம். இது வேறு கோளாறு. பின்மண்டை இல்லை, பெரும்பாலும் வலது மூளையின் பக்கவாட்டில், கவனத்தைப் பங்கிடும் பகுதி அடிபட்டால் வருவது. இதைப் புறக்கணிப்பு என்கிறோம். பெயர் மோசம், வேண்டுமென்றே செய்கிற மாதிரி ஒலிக்கிறது. பாதிச் சண்டைகளுக்கு அந்தப் பெயரே காரணம் என்று எனக்கு எண்ணம்.

ஒருமுறை பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவரிடம் தினத்தாளைக் கொடுத்துத் தலைப்பைப் படிக்கச் சொன்னேன். ‘முதலமைச்சர்’ என்று பெரிதாக அச்சாகியிருந்தது. ‘அமைச்சர்’ என்று படித்தார். சொல்லின் இடது பாதி அவருக்கு எட்டவில்லை, எட்டிய பாதியை வைத்து அர்த்தமுள்ள ஒரு சொல்லை மூளை செய்து கொடுத்துவிட்டது. மகன் பக்கத்திலிருந்து “அப்பா, ஒழுங்காப் படிங்க” என்றார். “ஒழுங்காத்தானே படிக்கிறேன்” என்றார் பெரியவர், கோபமாக. அவரளவில் அது சத்தியம்.

இது எவ்வளவு ஆழத்தில் நடக்கிறது என்பதற்கு மிலான் நகரத்துச் சோதனை ஒன்று போதும். எடோவார்தோ பிசியாக், லுசாட்டி என்ற இரு ஆய்வாளர்கள் 1978-ல் இப்படி இடப்பக்கம் தொலைந்த இரண்டு பேரிடம், ஊரின் நடுவிலிருக்கும் பேராலயச் சதுக்கத்தைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். “பேராலயத்தைப் பார்த்து நிற்கிறீர்கள், சுற்றி என்னென்ன இருக்கிறது?” வலது பக்கத்துக் கட்டடங்களைச் சொன்னார்கள், இடப்பக்கம் காலி. “இப்போது பேராலய வாசலில் நின்று சதுக்கத்தைப் பாருங்கள்” என்றதும், சற்றுமுன் விட்ட கட்டடங்களையெல்லாம் சொல்லி, முன்பு சொன்னவற்றை விட்டுவிட்டார்கள். எதிரே கட்டடமும் இல்லை, பார்க்கக் கண்ணும் தேவைப்படவில்லை. நினைவில் இருக்கும் ஊருக்கே இடப்பக்கம் இல்லாமல் போயிற்று.

வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். அப்பாவுக்கு எதிரே கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து “என் மூக்கையே பாருங்கப்பா” என்று சொல்லுங்கள். உங்கள் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு சமயம் ஒரு விரலை ஆட்டுங்கள், இன்னொரு சமயம் இரண்டையும் சேர்த்து. அவருடைய இடப்பக்க விரலை எப்போதுமே பிடிக்கவில்லை என்றால் பார்வைப் பரப்பு போயிருக்கலாம். தனியாக ஆட்டும்போது பிடித்துவிட்டு, இரண்டும் சேர்ந்து ஆடும்போது வலப்பக்கத்தை மட்டும் சொன்னால் அது கவனத்தின் கோளாறு. ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு நடுவில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்; புறக்கணிப்பு இருந்தால் புள்ளி நன்றாக வலது பக்கம் தள்ளி விழும். கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்ணும் வலது பாதிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். தட்டையும் அரைவட்டம் திருப்பி வைத்துப் பாருங்கள், விட்ட இட்லியை ஆச்சரியமாகப் பார்த்துச் சாப்பிடுவார். இரண்டு கோளாறும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு, ஆகையால் இதை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்ல உதவும், அவ்வளவுதான்.

டாக்டர் என்றால் யார்? நரம்பியல் மருத்துவரையும், கிடைத்தால் நரம்புசார் கண் மருத்துவம் பார்ப்பவரையும் பாருங்கள். பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் கேளுங்கள். அரைக்கோளத்துக்குள் தாடையை வைத்து, அங்கங்கே மின்னும் புள்ளிக்குப் பொத்தானை அழுத்துவார்களே, அதுதான். எந்த ரத்தக் குழாய் அடைத்தது என்பதற்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும், மறக்காமல் கொண்டுபோங்கள். முக்கியமாக, “பார்வை சரியில்லை” என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் என்னைப் போன்றவனிடம் அனுப்பி மறுபடி 6/6 எழுதி வாங்குவார்கள். “இடது தோள் இடிக்கிறது, இடது இட்லியை விடுகிறார், இடது கன்னத்தில் சவரம் பாதியில் நிற்கிறது” என்று நடப்பதைச் சொல்லுங்கள்.

6/6 வாங்கியதாலேயே பொய்காரர் ஆனவர்கள் வேறு வகையிலும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு பெண்மணிக்கு மூளையின் ரத்த நாளத்தில் உறைவு ஏற்பட்டு, அசைவைப் பார்க்கும் திறன் மட்டும் போனது. எழுத்து, நிறம், முகம் எல்லாம் தெரிந்தது. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது பனிக்கட்டி போல அந்தரத்தில் உறைந்து நிற்கும், எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வழிந்துவிடும். தூரத்தில் இருந்த கார், அடுத்த கணம் பக்கத்தில். யோசஃப் சீல் குழுவினர் 1983-ல் அவரைப் பற்றி எழுதினார்கள்.

இன்னொன்று காதுக்குள் இருப்பது. கைபேசியை வேகமாக ஆட்டிக்கொண்டு படியுங்கள், முடியாது. கைபேசியை நிறுத்தித் தலையை அதே வேகத்தில் ஆட்டிப் படியுங்கள், படிக்கலாம். உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, தலை திரும்பிய நூறில் ஒரு நொடிக்குள் கண்ணை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவதால் காட்சி நிற்கிறது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் போட்டுக்கொண்ட ஒரு மருத்துவருக்கு அந்த உறுப்பு இரண்டு பக்கமும் செத்துவிட்டது. 1952-ல் தன் பெயரைச் சொல்லாமல் எழுதிய கட்டுரையில், நாடி துடிக்கும் அசைவுக்கே எழுத்துகள் குதித்ததாகவும், கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவே தலையைச் செருகி நிறுத்திப் படித்ததாகவும் சொல்கிறார். அசையாமல் நாற்காலியில் உட்கார வைத்துப் பலகையைக் காட்டினால் இப்படிப்பட்டவர் தேறிவிடக்கூடும். எழுந்து நடந்தால்தான் தெரு ஆடும்.

குழந்தைகள் விஷயம் இன்னும் பரிதாபம். பிரசவத்தில் மூச்சுத்திணறிய குழந்தை, குறைமாதக் குழந்தை சிலருக்குக் கண் நன்றாக இருக்கும், மூளையின் பார்வைப் பாதை அடிபட்டிருக்கும். ஆடும் பொம்மையைப் பார்க்கும், நின்றுபோன பொம்மையைப் பார்க்காது. தனியாக வைத்த டம்ளரை எடுக்கும், சாமான் குவிந்த மேசையில் அதே டம்ளர் தெரியாது. காலையில் தெரிந்தது, களைத்துப்போன மாலையில் தெரியாது. “அடம்” என்று பெயர் வாங்கிவிடும். மேசையைக் காலி செய்து, ஒரே நிறத் துணி விரித்து, ஒரு நேரத்தில் ஒரு பொருளைக் காட்டுவதுதான் இதற்குத் தொடக்கச் சிகிச்சை.

எதிர்த்திசையிலும் ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துப் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத இந்தியக் குழந்தைகளுக்கு டெல்லியில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கையால் தடவிப் பார்த்த பொருளை, கட்டவிழ்த்த கண்ணால் பார்த்ததும் அடையாளம் தெரியுமா என்பது 1688-ல் அயர்லாந்து அறிஞர் மோலினோ எழுப்பிய கேள்வி. 8 முதல் 17 வயது வரையான ஐந்து பேரிடம் சோதித்து, 2011-ல் விடை வெளியானது: உடனே தெரியவில்லை. கண் வந்துவிட்டது, பார்வை வரவில்லை. ஆனால் சில நாட்களிலேயே பொருத்தக் கற்றுக்கொண்டார்கள்.

மூளை கற்றுக்கொள்கிறது என்றதும் ‘பார்வைப் பயிற்சி’ விற்கிறவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் பார்க்க இரண்டு கண்ணும் உள்நோக்கிச் சேராத குழந்தைகளுக்கு, மருத்துவமனையில் வைத்துத் தரும் பயிற்சி பலன் தருவதை அமெரிக்காவில் 2008-ல் வெளியான சோதனை காட்டியது. அதே குழுவின் 2019 சோதனையில், அந்தப் பயிற்சியால் வாசிப்புத் திறன் தனியாக உயரவில்லை என்றும் தெரிந்தது. ஆகவே எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைக்குக் கண் பயிற்சி என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் அப்பாவுக்குப் போன பாதிப் பார்வையைக் கணினிப் பயிற்சியால் திரும்பக் கொண்டுவருவதாக யாராவது சொன்னாலும் அப்படியே.

அவருக்குப் பயன்படுவது எளிமையானது. தானாகத் திரும்புவதெல்லாம் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் திரும்பும், ஆகவே நாள் இருக்கிறது. தினத்தாளின் இடது ஓரத்தில் பளிச்சென்ற சிவப்பு நாடா ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் அந்தச் சிவப்பு தெரியும்வரை கண்ணைக் கொண்டுபோகப் பழக்குங்கள். தட்டின் இடது விளிம்பிலும், கதவின் இடது நிலையிலும் அதே நாடா. பேசும்போது முதலில் அவருக்கு எட்டும் வலப்பக்கமிருந்து தொடங்கி, மெல்ல இடப்பக்கம் நகருங்கள், குரல் போகும் வழியே தலையும் திரும்பும். எடுத்த எடுப்பில் இடப்பக்கம் நின்று பேசிவிட்டு, பதில் சொல்லவில்லை என்று கோபிக்காதீர்கள். ஃபீல்டு டெஸ்ட் முடிந்து டாக்டர் சொல்லும்வரை வண்டிச் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள். 6/6 சீட்டைக் காட்டி வாதாடுவார், கொடுக்காதீர்கள்.

சாலையைத் தனியாகக் கடக்க விடாதீர்கள். நம் ஊரில் முதல் பாதிச் சாலைக்கு வண்டி வலப்பக்கமிருந்து வரும், அதை ஒழுங்காகப் பார்த்துத் தாண்டிவிடுவார். அதைப் பார்த்து “நல்லாத்தானே போறார்” என்று நீங்களும் கையை விட்டுவிடுவீர்கள். நடுத்தடுப்பைத் தாண்டியதும் வண்டி இடப்பக்கமிருந்து வரும். அங்கே நீங்கள் அவருக்கு இடப்பக்கம் நில்லுங்கள்.